குடிக்காத காப்பி

ஜோர்டான் தலைநகர் அம்மானில், நீர்வள அமைச்சகத்தின் மூன்றாம் மாடி. திரைச்சீலை வழியே கசியும் மாலை வெயில், மேசைமேல் ஆய்வாளர் நுஸைபாவின் நிலத்தடி நீர் ஆய்வறிக்கையில் தேன்போல் பரவிக் கிடக்கிறது. செயலாளர் அபூ மாஜித் ஏலக்காய் மணக்கும் காப்பியைத் தானே ஊற்றித் தருகிறார். அவள் வாங்கி, பருகாமல் கீழே வைக்கிறாள். கேட்டது கிடைக்கும்வரை விருந்தாளி காப்பியைத் தொடுவதில்லை. பாலைவன நாடோடிகளின் கூடாரத்துப் பழக்கம், அவரும் அறிந்தது. "அடேயப்பா! பல்கலைக்கழகத்துல இதையுமா சொல்லித் தர்றாங்க, டாக்டர்?" "அறிக்கையத்தான் நீங்க திறக்கவே இல்லையே. பாலைவனச் சோலையில புதுக் கிணறு வேண்டாம், அபூ மாஜித். இருக்கிற தண்ணியும் உப்பாயிடும்." மின்விசிறி சுழல்கிறது. எங்கோ பள்ளிவாசலில் தொழுகைக்கான பாங்கு எழுந்து அடங்குகிறது. கோப்பையின் ஆவி மெலிந்து மெலிந்து இல்லாமல் போகிறது. கையெழுத்துக்குக் காத்திருக்கும் கிணற்று உரிமத்தை ஒதுக்கிவிட்டு, அவர் கண்ணாடியை மாட்டி முதல் பக்கத்தைத் திறக்கிறார். "ஆறிப்போச்சே, சூடா வேற ஊத்தவா?" "படிச்சு முடிங்க. நான் இருக்கேன்."