கல்யாண விசாரிப்பு

விமலகுமாரியின் வீட்டில் சபையின் வீட்டு ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள். டீ வரும் என்று பார்த்திருந்த சபையார் முன்னால் விமலகுமாரி செல்போனைக் கொண்டுவந்து வைத்தாள்.

மகள் ஜீனாவுக்கு வந்த மூன்றாவது சம்பந்தமும் தட்டிப் போயிருந்தது. பேசி முடிக்கும் முன் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பது தனுவச்சபுரத்தில் வழக்கம். பக்கத்து வீட்டில் இருப்பது செல்லபாய். சுவரோரம் ரப்பர் ஷீட் காயப்போட்ட தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வெகுநாளாகிறது; சபை ஜெபம் என்பதால்தான் இன்று அவளும் வந்திருந்தாள். இதற்குமேல் என்ன துப்பு வேண்டும்?

விமலகுமாரி பொறி வைத்தாள். காஞ்சிரங்குளத்து அண்ணன் சுவாமிதாசை, பனச்சமூட்டில் பெண் தேடும் ஒரு மாப்பிள்ளையின் மாமா என்று சொல்லிச் செல்லபாயிடம் போனில் பேசவைத்து, அதைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னாள். தொடக்கத்தைக் கேட்டதுமே அவளுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மீதியைச் சபையோடு சேர்ந்தே கேட்கலாம் என்று நிறுத்திவிட்டாள்.

பதிவில் முதல் "ஹலோ"வை மட்டும் ஓடவிட்டு நிறுத்தினாள். "செல்லபாயக்கா, இது யாருக்க குரலாக்கும்?"

செல்லபாய்க்கு முகம் வெளுத்தது. தன்னிடம் கேட்காமல் பேச்சைப் பிடித்தது சரியில்லை, போடவேண்டாம் என்று மெல்லச் சொன்னாள்.

"எனக்க மவளுக்க கல்யாணத்த முடக்கும்போ எங்கிட்ட சம்மதம் கேட்டியளா?"

திருடிக்குத்தான் சட்டம் நினைவு வரும் என்று சபைக்கும் சேர்த்துச் சொல்லிவைத்தாள். கதவோரம் நின்ற ஜீனா, வேண்டாம் அம்மா என்று தலையாட்டியதைக் கண்டுகொள்ளவே இல்லை. சத்தத்தைக் கூட்டினாள்.

"அந்த அம்மைக்க வாயி சரியில்லதான்," என்றது செல்போன்.

கேட்டீர்களா என்பதுபோல் விமலகுமாரி சுற்றிலும் பார்த்தாள். செல்போன் அதோடு நிற்கவில்லை.

"அத வச்சு பெண்ண தள்ளிராதிங்க. நான் காய்ச்சல்ல கெடந்தப்போ அம்மைக்குத் தெரியாம கஞ்சி கொண்டு தந்த பிள்ளையாக்கும். கண்ண மூடிட்டு கெட்டலாம்."

அதன்பிறகு சுவாமிதாஸ் துருவித் துருவிக் கேட்டும் ஜீனாவைப் பற்றி ஒரு குறை விழவில்லை. அப்படியானால் மூன்று சம்பந்தமும் யார் வாயால் போயிற்று என்று சபையில் ஒருவரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. விமலகுமாரியின் விரல் மட்டும் நிறுத்தும் இடம் தெரியாமல் செல்போனில் தடவிக்கொண்டிருந்தது.

செல்லபாய் பைபிளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்க மவன் பிஜுவப் பத்தி விசாரிச்சு உனக்கும் ஒரு வீட்டுக்காரங்க போன் செய்தாங்கல்லா விமலே? ஒரு துள்ளி தொடாத பயல குடிகாரன்னு நீ சொன்னத ரெக்கார்டு பண்ணி எனக்கு அனுப்பியிருந்தாங்க. உன்னிட்ட கேக்காம எடுத்ததுல்லா, ஒருத்தருக்கும் போட்டுக் காட்டாம அழிச்சிட்டேன்."