ரதிக்கு ஏது உடப்புசல்லாவை?

"எவடி அவ? எந்தம்பிக்குச் சோறு தண்ணி இறங்காமப் பண்ணின சிறுக்கி எவ? தைரியம் இருந்தா முன்னால வா!"

ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களைப் பார்த்து அழகம்மா கத்தினாள். எல்லாரும் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீனம்மா மட்டும் மெல்ல வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுக்காரனே எங்களத் திரும்பிப் பாக்குறதில்ல அக்கா. ஒங்க தம்பியா பாக்கப் போறாரு?"

"ஒன்னையக் கேட்டனா? குடம் நிரம்பிருச்சு, தூக்கிட்டு நடடி!"

அழகம்மாவின் வாய்க்கு மஸ்கெலியா பஜாரே பயப்படும். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மரக்கறிக் கடை போட்டு, லொறிக்காரர்களோடு மல்லுக்கட்டியே மேலே வந்தவள். நாளைக்கு நாலு பேரைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. திட்டியதைப் படுக்கப் போகும் முன்பே மறந்தும் விடுவாள்.

பாண் ரொட்டிக்குக்கூட வரிசையில் நிற்கிற வருசம் அது. ஊரே சோற்றுக்குப் பறக்க, தம்பி ஆண்டியப்பன் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதில்லை. பேச்சுமில்லை. பேய்தான் என்றார் பூசாரி. கருஞ்சேவல் ஒன்று கேட்டார்.

"மொதல்ல பேயை ஓட்டுங்க சாமி, அப்புறம் சேவலைப் புடிங்க" என்றாள் அழகம்மா.

பேய் போகவில்லை. சேவல் இன்னும் கூவிக்கொண்டிருக்கிறது.

தப்பு மேளச் சத்தம் கேட்டால் மட்டும் ஆண்டியப்பன் எழுந்து போனான். மாசி மாசக் காமன் கூத்து நெருங்குகிறதே! சிவன் காமனை எரிப்பார். காமன் பெண்சாதி ரதி அழுது பாடுவாள். வருசா வருசம் ரதி வேசம் ஆண்டியப்பனுக்குத்தான். ஆனால் காமன் வேசம் கட்டும் சோலைமலை, பொங்கல் முடிந்த கையோடு உடப்புசல்லாவையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று பின்னேரம் ஒத்திகை. அழகம்மாவும் ஒரு கண் வைக்கப் போனாள். கூத்து வாத்தியார் சின்னத்தம்பி தாளம் போட, ஆண்டியப்பன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான்:

"எரிச்ச சாமி மேல
எனக்கேதும் கோவமில்ல;
எழுந்து போன ஒன்ன எண்ணி
எரியுதையா எம்மனசு.
சேலையக் கழட்டி வெச்சேன்,
ரதி மட்டும் கழலலையே;
ஆம்பளைன்னு பேர வெச்சு
அழக்கூட விடலையே.
உடப்புசல்லாவைக் குளிரு
ஒனக்கு மட்டும் இனிக்குதோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

"டேய், ரதிக்கு ஏதுடா உடப்புசல்லாவை? நம்ம பாட்டுல இப்படி ஒரு வரியே இல்லையே!" சின்னத்தம்பி தாளத்தை நிறுத்தினார்.

"இது எம்பாட்டு அண்ணே. நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரிக் கிடக்கு. இதைப் பாடினாத்தான் மூச்சு வருது."

அழகம்மா சிரிக்கவில்லை. வியாபாரி வாயால் சொல்லாத விலையை அவன் கண்ணில் படிக்கிறவள் அவள். தான் இத்தனை நாளாகத் தேடியது ஒரு பெண்ணை அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் பிசைந்து தம்பி முன்னால் வைத்தாள்.

"சோலைமலையா?"

ஆண்டியப்பன் தலை குனிந்தது. "ஏசுக்கா. அடிச்சாலும் சரி. நான் இப்படித்தான் பொறந்துட்டேன்."

"எதுக்குடா அடிக்கணும்? ரெண்டு காலோட முளைச்ச கரட்டுக் கிழங்கையும் நான் கரட்டுன்னுதான் விக்கிறேன். மொதல்ல தின்னு."

அவன் ஒரு கவளம் தின்றான். அழுதான். பிறகும் தின்றான்.

மறுநாளே பஸ் மாறி மாறி உடப்புசல்லாவை போய்ச் சேர்ந்தாள் அழகம்மா. தன் பெரிய மனசை நினைத்து வழியெல்லாம் அவளுக்கே பெருமையாக இருந்தது. லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த சோலைமலை, அவளைக் கண்டதும் கோடரியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினான்.

"ஓடாதடா! சண்டைக்கு வரல. எனக்கு எல்லாம் தெரியும். ஊரு என்னா பேசினாலும் நான் பாத்துக்கிறேன். ஆனா எந்தம்பியை அந்தரத்துல விட்டுட்டு வந்தியே, ஒனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"நானாவா வந்தேன்?"

"பின்ன? எவ ஒன்னையத் தொரத்தினா? பேரைச் சொல்லு, அவ கொண்டையைப் புடிச்சு இழுத்துட்டு வாரேன்!"

சோலைமலை அவள் முகத்தையே பார்த்தான்.

"பொங்கலன்னைக்கு ஆண்டி கையில வளையல் போட்டுவிட்டேன். நீங்க பாத்துட்டீங்க. 'எந்தம்பியைக் கேலியாடா பண்றே? இந்தப் பக்கம் வந்தா காலை ஒடிப்பேன்'னு கத்தினீங்க. அது கேலி இல்லக்கா."

அழகம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பொங்கலன்று யார் யாரைத் திட்டினோம் என்றே அவளுக்கு ஞாபகமில்லை.

"சரி... தெரியாமச் சொல்லிட்டேன். இப்ப வந்து கூப்பிடுறேன்ல? வா." அவள் குரல் இறங்கியிருந்தது.

பஜாரே பயப்படும் அழகம்மாவிடம் சோலைமலை பேரம் பேசினான்.

"இங்க வந்து காதோட சொன்னா எப்படிக்கா? வாரேன், ஆனா ஒங்க லயத்து ரோட்டுலயேதான் நிப்பேன். அன்னைக்கு ஒங்க வாசல்ல நின்னு நீங்க ஏசினது லயம் முழுக்கக் கேட்டுச்சு. அதே வாசல்ல நின்னு, அதே தொண்டையில, 'உள்ள வாடா சோலைமலை'ன்னு கூப்பிடணும். சத்தம் கொஞ்சம் கொறைஞ்சாலும் திரும்பிருவேன்!"