பன்னிரண்டு வெள்ளைக் கண்ணாடிகள்

“தொட்டேளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ!”

ரஞ்சனா போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் பேச்சு நின்றது. மும்பை மாட்டுங்காவில் இருக்கும் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் கோபம் பிரசித்தம். கோபம் வந்துவிட்டால் எதிரில் நிற்பவரின் வயது அவள் கண்ணுக்குத் தெரியாது.

இன்று எதிரில் நின்றவர் கணேசபாண்டியன். தாராவியிலிருந்து வரும் லேப் அட்டெண்டர். வயது ஐம்பத்திரண்டு.

“கிளவுஸ் போட்டுத்தாம்மா எடுத்தேன். ஒரு தூசி படல.”

“அப்புறம் ஏன் கரண்ட் வரலை? பன்னிரண்டு பிளேட்! ஏக் பீ நஹீ! ஒண்ணுகூட வேலை செய்யலை!”

மேசையில் தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் டைட்டானியம் ஆக்சைடை மெல்லிய படலமாகப் பூசுவது ரஞ்சனாவின் வேலை. அதை உலையில் சுட்டு, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காயவைத்து அவள் மேசையில் வைப்பது கணேசபாண்டியன் வேலை. வெயில் பட்டால் அது மின்சாரம் தர வேண்டும்.

இந்தப் படலத்துக்குச் சாயம் ஏற்றித்தான் மற்றவர்கள் மின்சாரம் எடுக்கிறார்கள். ரஞ்சனாவின் படலத்துக்குச் சாயமே வேண்டாம். தானாக இளமஞ்சளாகி, தானாக மின்சாரம் தரும். அதுதான் அவளுடைய நான்கு வருட ஆராய்ச்சி. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு டாக்டர் பட்டம் தரலாமா என்று முடிவு சொல்ல, டெல்லியிலிருந்து இரண்டு பேர் வந்து கீழே கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பாருங்கோ, சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் வெள்ளை வெளேர்னு இருக்கு! உலையை எத்தனையில வெச்சேள்?”

“நானூத்தம்பதுல. அரை மணி நேரம். நீங்க பேப்பர்ல எழுதிக் குடுத்தியள்ளா, அதுல ஒரு எழுத்து மாறல.”

பேப்பர் சுவரில்தான் இருந்தது. போன வாரம் அவளே படிப்படியாக எழுதி ஒட்டியது. ‘இதில் உள்ளதைத் தவிர வேறு எதையும் செய்யக் கூடாது’ என்று அடியில் சிவப்பு மையில் ஒரு வரி. டெல்லிக்காரர்கள் வரும் நேரத்தில் அவரவர் இஷ்டத்துக்கு எதுவும் நடந்துவிடக் கூடாதாம்.

“பொய்! இத்தனை நாளா நன்னா வந்தது, இன்னிக்கு மட்டும் எப்படிக் கெடும்?”

ஒரு வெள்ளைத்தாளை உருவி அவர் முன்னால் போட்டு, பேனாவைக் கையில் திணித்தாள்.

“எழுதுங்கோ. என் கைப்பிழையால பிளேட் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ. அதைக் காட்டினா இன்னொரு தேதி கொடுப்பா. ஜல்தி!”

“இதை எழுதிக் குடுத்தா என் வேலை போயிருமேம்மா.”

“என் நாலு வருஷம் போறதே, அது பரவாயில்லையா?”

கணேசபாண்டியனுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாக அதே காண்ட்ராக்ட் வேலை. ஒரு புகார் போதும், கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். பேனாவை மேசையில் வைத்தார். வைத்தாரா, அடித்தார்.

“இந்தா பாருங்கம்மா. திட்டுங்க, வாங்கிக்கிடுதேன். செய்யாத தப்பைச் செஞ்சேன்னு எழுத மாட்டேன். இன்னைக்கு நான் ஒண்ணுமே செய்யல!”

“இன்னிக்குன்னா? அப்போ மத்த நாள்ல என்ன பண்ணினேள்?”

அவர் கண் சுவரில் இருந்த பேப்பருக்குப் போனது. மாடிப்படியில் பேச்சுக்குரல் கேட்டது. டெல்லிக்காரர்கள் டீயை முடித்துவிட்டார்கள்.

“சொல்லித் தொலையுங்கோ!”

“முதல்ல செஞ்ச பிளேட்டெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகலன்னு இதே ஸ்டூல்ல உக்காந்து அழுதியள்ளா, எனக்கு மனசு கேக்கல. ஒரு புதுத்துணின்னாகூட மூலையில மஞ்ச தடவித்தான உடுத்துதோம்? இது எம்புட்டுப் பெரிய காரியம்!”

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கணேசபாண்டியன் சிவப்பு மை வரியைக் காட்டிச் சொன்னார்:

“அதான் அன்னையிலருந்து, ஊறப்போடுத ஸ்பிரிட்டுல ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி போட்டுட்டு வந்தேன். உங்க பேப்பர்ல அது இல்லியே, இன்னைக்குத்தாம்மா போடல.”