பஸ்ஸுக்குப் பக்கத்தில்

பஸ் அவருக்கு வலது பக்கத்தில் வந்து நின்றது.

இடது பக்கம் நடைபாதையின் கல் விளிம்பு. நடுவில் இரண்டு முழ இடைவெளியில் அவரும், வாங்கி மூன்றே நாளான மோட்டார் சைக்கிளும். சிக்னலில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டார். முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. எஞ்சின் அதிர்வில் ஆடுகிறது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். எஞ்சின் எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்கு நிதானம் என்றுதான் பெயர். அவர் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடத் தூங்கி வழிவார்கள். ஆனால் இரண்டு சக்கரம் என்றால் சின்ன வயதில் சைக்கிள் மிதித்ததோடு சரி.

முதல் நாள் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் ஓங்கி மிதித்தார். பஸ்ஸில் அங்கேதான் கிளட்ச். மோட்டார் சைக்கிளில் அங்கே கியர் இருக்கிறது. வண்டி ஒரு உறுமு உறுமி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குள் புகுந்து, ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

இரண்டாம் நாள் சிக்னலில் பச்சை விழுந்தும் அசையாமல் நின்றார். பின்னால் இருந்தவர்கள் ஏசத் தொடங்கிய பிறகுதான், கண்டக்டரின் விசிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது.

நாலு மாதமாக வீட்டில் சும்மா இருக்கிற மனிதர், பொழுதாவது போகட்டும் என்று மனைவியும் விட்டுவிட்டாள். இன்று காலை வியர்வையில் ஊறிய சட்டையை மாற்றச் சொல்லி வேறு சட்டையை நீட்டியபோது மட்டும் சிரித்தாள்.

"அவ்வளவு பெரிய பஸ்ஸையே கட்டி மேய்ச்ச மனுஷன், இந்தக் குட்டியப் பாத்து இப்படி நடுங்குறீங்களே."

அவரும் சிரித்து வைத்தார். பயம் வண்டியைப் பார்த்து அல்ல என்று அவளிடம் சொல்லவில்லை. இந்தத் திருப்பத்தில், ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு முறை நின்று பார்த்துவிட வேண்டும். அதுவும் திங்கட்கிழமைக்குள். அதற்காகத்தான் வண்டியே வாங்கினார். அது யாருக்கும் தெரியாது.

பஸ்ஸின் இடது பக்க விளக்கு விட்டு விட்டு எரியத் தொடங்கியது.

திரும்பப் போகிறது.

பஸ் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக ஒடித்துக்கொண்டு, நடைபாதையை உரசுகிற மாதிரி வரும். புதிதாக வேலைக்கு வரும் டிரைவர்களுக்கு இதைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டியவரே அவர்தான். அந்தக் கோடு எங்கே போகும் என்று அவருக்கு அங்குலம் பிசகாமல் தெரியும். அந்தக் கோட்டின் மேல்தான் இப்போது உட்கார்ந்திருந்தார்.

பின்னால் போகலாம் என்றால் ஒரு கார் ஒட்டிக்கொண்டு நின்றது. இறங்கி ஓடலாம் என்றால் கால் வரவில்லை. ஐம்பது வயதில், பட்டப்பகலில், அம்மா என்று கத்திவிடுவோமோ என்றிருந்தது.

பச்சை விழுந்தது. பஸ் உறுமியது.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

முன் படிக்கட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடியில் டிரைவரின் முகம் தெரிந்தது. நெற்றி, மீசை, மென்றுகொண்டிருக்கும் வாய் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அந்த முகம் இவரைப் பார்த்தது. பார்த்து, முகவாயை மெல்ல அசைத்தது. நீங்க போங்க, நான் நிக்கிறேன் என்கிற அசைப்பு.

பஸ் நகரவில்லை.

இவராலும் நகர முடியவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் இதே திருப்பத்தில், இதே இடைவெளியில், ஸ்கூட்டரில் நின்றிருந்த ஒரு பெண் அவருடைய பஸ்ஸின் பின் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனாள். அந்த இடத்தில் நிற்பவர் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். டிப்போவில் ஒருவர் பாக்கி இல்லாமல் ஆமாம் என்றார்கள். திங்கட்கிழமை விசாரணையில் அதையே இன்னொரு தடவை சொன்னால் போதும், மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்கலாம்.

அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் எழுதினார். இங்கே வந்து நின்று பார்த்துவிட்டால் வாய் கூசாமல் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார்.

பின்னால் ஹாரன்கள் அலறின. டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தக் கண்கள் தன் மேல் இருக்கிறவரை தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தோன்றியது. மூன்று நாளில் முதல் தடவையாகக் கால் நடுக்கம் நின்றது.

அந்தப் பெண்ணும் இப்படித்தான் நிமிர்ந்து, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். அவர் பார்த்துவிட்டார் என்று நம்பித்தான் நகராமல் நின்றிருப்பாள்.