நாளைக்கு வாங்க

தெருநாய் ஒன்று தினமும் பெயிண்ட் பட்டறைக்குப் போய்வந்தது. அங்கே பட்டி பூசிய கதவோடு ஒரு மாதமாக நின்ற வெள்ளைக் கார் அதனிடம் புலம்பியது: "இன்னிக்கும் என் ஓனர்கிட்ட 'நாளைக்கு வாங்க'ன்னுட்டார் பெயிண்டர்!"

"ஓனர்கிட்டயா? என்கிட்டன்னுல்ல நெனச்சேன்! ஊரே என்னை 'ச்சீ, போ'ங்குது. இவர் ஒருத்தர்தான் மரியாதையா 'வாங்க'ங்கிறார்னு தினமும் வந்தேன்." நாயின் வால் தொங்கிப்போனது.

ஒருவழியாகக் கார் வேலை முடிந்தது. கதவு மட்டும் வேறு வெள்ளை. "இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்!" என்று கத்திவிட்டு ஓனர் காரை எடுத்துக்கொண்டு போனார்.

தனியாக நின்ற பெயிண்டர் தன் பன்னில் பாதியைப் பிய்த்து நாய்க்குப் போட்டார். "நீயாவது நாளைக்கு வா."

'வாங்க' இல்லை, வெறும் 'வா'தான். ஆனால் இது தனக்கே சொன்னது. நாயின் வாலாட்டம் நிற்கவே இல்லை.