தூக்காத கை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பண்டாரவளைப் பள்ளிவாசலில் மௌலவி, "பதுளை ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருக்கும் ஒரு தாய்க்காக எல்லோரும் சேர்ந்து துஆ கேட்போம்" என்றார்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. முன்வரிசையில் நளீம் ஹாஜியாரின் கைகள் மட்டும் தொடையை விட்டு அசையவில்லை. இப்படிச் சேர்ந்து பிரார்த்திக்கும் கூட்டு துஆ என்றாலே அவருக்கு ஆகாது என்பது ஊரறிந்த செய்தி.

கூட்டம் கலைந்ததும் மௌலவியைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நாலு பேர் செருப்புத் தேடுவதுபோல் காதைத் தீட்டினார்கள்.

"ஹஸரத், இதெல்லாம் மார்க்கத்துல இருக்கா?"

"ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் வழக்கமாக்கினா நானும் வேணாம்னுதான் சொல்லுவேன். மழைக்கு, நோய்க்குன்னு ஒருத்தர் கேட்டு வந்தா, சேர்ந்து கேக்கலாம் ஹாஜியார்."

"யாரு கேட்டு வந்தது?"

"அந்தம்மாட பக்கத்து வீட்டுக்காரர். சர்ச்சுக்குப் போற வேதக்காரர். குத்பா பிரசங்கத்துக்குக் கொஞ்சம் முன்னாலதான் பஸ்ஸுல வந்து சேர்ந்தார்."

ஹாஜியார் சிரித்தார். "நல்லா இருக்கு! பெத்த மகன் இல்லையா?"

"இருக்கார். காலையில இருந்து போன் எடுக்கலையாம்."

"என்ன மனுசன்! ஜும்ஆவுக்காவது வந்தானா?"

"வந்தார் ஹாஜியார். முன்வரிசையிலதான் இருந்தார். கையைத்தான் தூக்கல்ல."

ஹாஜியார் போனை எடுத்துப் பார்த்தார். 'உம்மா வீட்டுப் பக்கம் அந்தோனி', ஏழு தடவை. உம்மா வீட்டுக் கூரை ஒழுகும் புகாராக இருக்கும் என்று அவரே கட் செய்த அழைப்புகள்.

"ஹஸரத்... இன்னொருக்கா சேர்ந்து கேப்போமா?"

செருப்புத் தேடிய நாலு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இந்தமுறை ஹாஜியாரின் கைகள் உயர்ந்தன. முகம்தான் உயரவில்லை.