ஏப்பம் விடும் கரடி

"திருடி! பட்டப்பகல்ல, அப்பா கண்ணு முன்னாலயே திருடுறா பாருங்க!"

ஜோலின் போட்ட கூச்சலில் கணப்புக்கு முன்னால் படுத்திருந்த நாய்கூட எழுந்து ஓடியது. தங்கை டெஸ்ஸா அசரவில்லை. அக்காவின் மடியிலிருந்த போர்வையை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆட்டம்னா ஆட்டம்தான்க்கா. திருடுறதுதானே இதுல விதி?"

விதிதான். கிறிஸ்துமஸ் மதியம் அந்த மலைவீட்டில் வருஷா வருஷம் நடக்கும் திருட்டு ஆட்டம். ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து குவித்துவிட்டு, சீட்டெடுத்து வரிசை போட்டுக்கொள்வார்கள். முறை வந்தவர் புதுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம், இல்லையென்றால் அடுத்தவர் பிரித்து வைத்திருப்பதைத் திருடலாம். பறிகொடுத்தவருக்கும் உடனே அதே சலுகை உண்டு. போன பொருளையே அப்போதே திரும்பப் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான். மூன்று முறை திருடுபோன பொருளை அப்புறம் யாரும் தொட முடியாது. அம்மா தன் கையால் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்த சட்டம் அது.

அந்த அம்மா போன ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் தைத்த போர்வையை மூன்று பிள்ளைகளில் யாருக்குக் கொடுப்பது என்று விளங்காமல், அப்பா வெர்னன் அதையே பொட்டலம் கட்டி ஆட்டத்தில் வைத்துவிட்டார். முதல் சீட்டு அவருக்கு, கம்பளிக் காலுறை கிடைத்தது. இரண்டாவது சீட்டு ஜோலின். பிரித்ததும் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பாவாடைத் துண்டும், அப்பாவின் பழைய கட்டம்போட்ட சட்டைத் துண்டும் சேர்த்துத் தைத்த போர்வை மடியில் விழுந்தது. ஐந்து நிமிஷம்கூட அவளிடம் தங்கவில்லை; மூன்றாவது சீட்டு டெஸ்ஸாவுடையது.

ஜோலின் வயிறு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. கடைசிச் சீட்டு அண்ணன் டாரலுடையது. டென்வரில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறான். "கொஞ்ச நாள் நான் வச்சிருக்கேன்" என்று அம்மாவின் சாய்வு நாற்காலியை வண்டியில் ஏற்றியவன், கோடையிலேயே அதை எவனுக்கோ விற்றுவிட்டான். ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் இந்த டெஸ்ஸாதான். அன்றிலிருந்து ஜோலின் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"அம்மா நாற்காலி போனப்ப வாயத் திறக்கல. இப்ப போர்வைக்கு மட்டும் கை நீளுதோ?"

டெஸ்ஸா அண்ணன் பக்கம் திரும்பினாள். டாரல் கையிலிருந்த ஐந்தாம் நம்பர் சீட்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கணவன் குர்ட்டின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள்.

"கையால தச்ச போர்வைக்கு இப்ப செம கிராக்கி," என்றான் டாரல், காலை ஆட்டிக்கொண்டே. "யாரு வேணா வச்சுக்குங்க. கடைசியில எங்கிட்டதான் வரப்போகுது."

பறிகொடுத்த ஜோலின் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள். வயிற்றை அமுக்கினால் ஏப்பம் விடும் பொம்மைக் கரடி! டாரல் கொண்டுவந்ததுதான். விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதே எழுந்து கிளம்பியிருப்பாள், ஆனால் கார் கண்ணாடி வரை பனியில் புதைந்து கிடந்தது. மலைச்சாலையையும் காலையிலேயே மூடிவிட்டார்கள்.

நான்காவது சீட்டு குர்ட். பிரிக்காத பொட்டலம் இரண்டு கிடந்தன. அவற்றை ஏறெடுத்தும் பார்க்காமல், நேரே மனைவி மடியிலிருந்த போர்வையை எடுத்துக்கொண்டான்.

"அடப்பாவிகளா! புருஷனும் பொண்டாட்டியும் கூட்டுக் களவாணித்தனமா பண்றீங்க?" என்று கத்தினாள் ஜோலின்.

இப்போது பறிகொடுத்தவள் டெஸ்ஸா. எழுந்து நேராக ஜோலினிடம் வந்தாள். கரடியைக் காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"இது எனக்கு."

ஜோலின் சீறினாள். "இந்தக் கேடுகெட்ட கரடியக்கூட விட்டுவைக்க மாட்டியாடி? நான் வெறுங்கையோட உக்காரணும், அதானே உனக்கு வேணும்?"

"ஆமா," என்றாள் டெஸ்ஸா. "அதான் வேணும்."

"சண்டை போதும். பறிகொடுத்தவ நீ, உன் முறைம்மா," என்றார் அப்பா.

ஜோலின் பாய்ந்தாள். குர்ட்டின் மடியிலிருந்து போர்வையைப் பிடுங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. குர்ட் முணுமுணுக்காமல் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து, உள்ளேயிருந்த மெழுகுவர்த்தியை மோந்து பார்த்தான்.

டாரல் கைகளைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். "எல்லாரும் ஆடியாச்சா? கொடு ஜோலின். அழுது ஊரைக் கூட்டாத. ஆட்டம்னா ஆட்டம்தான்."

"மாட்டேன்! செத்தாலும் கொடுக்க மாட்டேன்!"

"உக்காருடா," என்றார் அப்பா. ஒவ்வொரு விரலாக மடக்கினார். "டெஸ்ஸா ஒண்ணு. குர்ட் ரெண்டு. ஜோலின் மூணு. உங்கம்மா சட்டம். இனிமே அதை எவனும் தொடக்கூடாது."

டாரலின் முகம் கறுத்தது. மிச்சமிருந்த ஒற்றைப் பொட்டலத்தைக் காலால் எட்டி உதைத்தான்.

ஜோலின் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். கரடி திருடுபோயிருக்காவிட்டால் தனக்கு இன்னொரு முறையே வந்திருக்காது. டெஸ்ஸா கரடியின் வயிற்றை ஓர் அமுக்கு அமுக்கினாள். அது வீடே அதிர ஏப்பம் விட்டது.

"பின்ன, இந்தச் சனியன் எனக்கு எதுக்குக்கா?"